ஏழாம் கட்டத்துக் கையெழுத்து

ஜூன் 3, செவ்வாய்

என் எழுத்து கோணலாக இருப்பதைப் படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில எழுத்து கோட்டுக்கு மேலே மிதக்கிறது. சில கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. ‘ழ’ போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளாக வருகிறது. எனக்கு அறுபத்தெட்டு வயது. பேனா பிடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. இதுவரை எழுதியதற்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

என் பெயர் மாதையன். ஓசூரில் ஒரு கம்பெனியில் கேட் திறந்து மூடும் வேலை. சனி, ஞாயிறு மாலையில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். “தினமும் ஒரு வரியாவது எழுதுங்க. என்ன வேணா எழுதுங்க, தேதி மட்டும் போட்டுடுங்க” என்றார் கௌசல்யா டீச்சர். வகுப்பு நோட்டில் மழை, பேருந்து, கத்தரிக்காய் என்று எழுதிக் காட்டுகிறேன். இது வேறு நோட்டு. இதை டீச்சர் பார்க்கப் போவதில்லை. இது புருஷோத்தமனுக்காக வாங்கிய நோட்டு.

நேரில் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவன் என்றுதான் எழுதுவேன். இது என் நோட்டு.

ஜூன் 4, புதன்

காலையில் ஒரு பெட்டி வெளியே போனது. உள்ளே இருபத்துநாலு கேபிள். மேலே பிளாஸ்டிக் உறையில் அட்டைகள். அட்டை இங்கிலீஷில் இருக்கும். ஆனால் எண்ணும் தேதியும் எனக்குத் தெரிந்தவைதானே. மேல் அட்டையில் 7க்கு எதிரே 3-6 என்று போட்டிருந்தது. யாரையும் கேட்காமல் நானே படித்தேன். தடுப்புக் கம்பியைத் தூக்கி வண்டிக்கு ஒரு சலாமும் வைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

பாகலூர் என்று நானே படித்து ஏறினேன். சரியான பேருந்து.

ஜூன் 7, சனி

இன்று வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

ஹெலிகாப்டரின் மூக்குக்கு அடியில் ஒரு கேமரா இருக்கிறது. பைலட் முன்னால் ஒரு திரை. கேமரா பார்ப்பதெல்லாம் அந்தத் திரைக்குப் போக வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எதிரே என்ன இருக்கிறது என்று மற்றக் கருவிகள் சொல்வதும் போக வேண்டும். ஒரு நொடி தங்காமல் போக வேண்டும். அதனால் அதையெல்லாம் ஒளியாக்கி, தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழைக்குள் அனுப்புகிறார்கள். அந்த இழையைக் கேபிளாக்கி, இரண்டு முனையையும் இணைப்புக்குத் தயார் செய்து கொடுப்பதுதான் எங்கள் கம்பெனி.

முனையைப் பாலிஷ் போடுவது என் வேலையாக இருந்தது. பதினோரு வருடம். கூட்டிப் பெருக்க வந்தவன்தான் நான். ஒருநாள் ஆள் வரவில்லை என்று என் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். பாலிஷ் தாளில் முனையை வைத்து எட்டுப் போடுகிற மாதிரி சுற்ற வேண்டும். அழுத்தினால் கீறல் விழும். அழுத்தாவிட்டால் மேடு நிற்கும். தாளில் வரும் சத்தத்தை வைத்தே போதும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கேபிளோடும் ஒரு அட்டை கூடவே போகும். அதில் ஒன்பது கட்டம். ஒவ்வொன்றையும் செய்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆறு, பாலிஷ். ஏழு, முனையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று அங்கே உட்கார்ந்தால் ஒளி தடுக்கிவிடும். எட்டு, மூடி போடுவது. எனக்குக் கையெழுத்து வராது என்பதால் ஆறிலும் சூப்பர்வைசர் புருஷோத்தமனே எனக்காகப் போட்டுவிடுவான். ஏழு எப்போதும் அவனுடையதுதான். வாலை மடக்கிய மீன் மாதிரி ஒரு கையெழுத்து.

போன டிசம்பரில் ஒரு கேபிள் திரும்பி வந்தது. தரையில் வைத்துச் சோதிக்கும்போதே திரையில் படம் விட்டு விட்டு வந்ததாம். முனையில் அழுக்கு. மறுநாள் புருஷோத்தமன் ஒரு தாளை நீட்டினான். “லீவு விஷயம் தாத்தா, ஒரு கைநாட்டு வைங்க” என்றான். வைத்தேன். அதற்கு மறுநாள் முற்றத்தில் அறுபது பேரை நிறுத்தி அந்தத் தாளை உரக்கப் படித்தான். பார்த்து முடித்த கேபிளின் மூடியைக் கழற்றி நான் என் தோள்துண்டால் துடைத்துவிட்டேனாம். அதை நானே ஒப்புக்கொண்டேனாம். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். அன்றே கேட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து நான் துண்டுத் தாத்தா.

அந்த அறைக்குள் துண்டோடு யாரையும் விடமாட்டார்கள். தொப்பி, அங்கி, செருப்பு எல்லாம் கம்பெனியுடையது. இது அறுபது பேருக்கும் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

அந்தத் தாளின் ஜெராக்ஸ் டிசம்பரிலிருந்து என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இன்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். மருமகள், “என்ன மாமா, பல்லு வலியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

‘நவம்பர் 25 அன்று ஏழாம் கட்டம் முறைப்படி முடிந்த பிறகு’ என்று இருக்கிறது. ‘என் அறியாமையால்’ என்று இருக்கிறது. கடைசியில் ‘எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்’ என்று இருக்கிறது. அதன் கீழே என் கட்டைவிரல், நல்ல கறுப்பாக.

அறியாமை என்ற சொல்லை எழுதிப் பழகினேன். நன்றாக வருகிறது.

ஜூன் 12, வியாழன்

இன்றைய தேதியைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

கேட்டில் என்னோடு இருப்பவர் எத்திராஜ். வாணியம்பாடிக்காரர், செக்யூரிட்டி. கேட் வழியாக எது போனாலும் எது வந்தாலும் ரிஜிஸ்டரில் தமிழில் எழுதிவைப்பார். அழகான கையெழுத்து. அதைத்தான் நான் பாடப்புத்தகம் மாதிரி வைத்துப் பழகுகிறேன். வண்டி வராத நேரத்தில் பழைய பக்கங்களைப் புரட்டிப் படிப்பேன். தண்ணீர் கேன் பத்து. பழைய நாற்காலி மூன்று. இன்று மத்தியானம் போன நவம்பருக்கு வந்து சேர்ந்தேன்.

‘நவம்பர் 18. மைக்ராஸ்கோப் ஒன்று. அளவு சரிபார்க்க பெங்களூர்.’ அதற்கு நேரே, ‘திரும்பியது டிசம்பர் 2.’

மூன்று முறை படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பெங்களூருக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது வரும்வரை ஏழாம் கட்டம் நிற்க வேண்டும், பெட்டி காத்திருக்க வேண்டும். இல்லாத மைக்ராஸ்கோப்பில் நவம்பர் 25 அன்று எதைப் பார்த்தான் புருஷோத்தமன்? மைக்ராஸ்கோப் அறை வேறு, பாலிஷ் அறை வேறு. அது ஊரில் இல்லை என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஜெராக்ஸைக் கொண்டுவந்து எத்திராஜுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யோவ் அண்ணா, அவன் உன்னிய கேட்டாண்ட போட்டது தப்பாப் போச்சு பாரு. கக்கூசுக்கு அனுப்பியிருந்தா தப்பிச்சிருப்பான்” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் பக்கங்களை முன்னால் திருப்பினார். “அப்ப இந்த தபா? மே 26 போச்சு, ஒன்பதாம் தேதிதான வந்துச்சு. நடுவுல ஒரு பொட்டி போச்சே” என்றார்.

தேநீர் ஆறிவிடும் என்று சொன்னேன். நாலாம் தேதிப் பெட்டியைப் பற்றி இன்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 14, சனி

27ஆம் தேதி ஆடிட். கேபிள் வாங்கும் கம்பெனியிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். வழக்கம்போல எல்லோரையும் முற்றத்தில் நிறுத்துவார்கள். அங்கேதான் படிக்கப் போகிறேன். ரிஜிஸ்டர் வரிகளைப் பார்த்து எழுதிய தாள் இடது கையில், ஜெராக்ஸ் வலது கையில். முதலில் அவன் தேதி. பிறகு எத்திராஜின் தேதி. அவனுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அறுபது பேரும் அந்தக் காதைப் பார்க்க வேண்டும்.

“இப்பவே போயி மேடத்தாண்ட சொல்லிடேன்” என்கிறார் எத்திராஜ். ஷாஹிதா மேடம்தான் தரப்பிரிவுக்குப் பொறுப்பு. நல்லவர்தான். ஆனால் அவரிடம் சொன்னால் அறைக்குள் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார். என்னை அறைக்குள் வைத்தா சிரித்தார்கள்?

வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

சத்தம் போட்டுப் படித்துப் பழகினேன். ‘சரிபார்க்க’ என்ற இடத்தில் நாக்கு தடுக்குகிறது.

ஜூன் 18, புதன்

காலையில் ஒருவர் காரில் வந்தார். மேடம் கூட்டத்தில் இருந்ததால் உள்ளே விட அனுமதி வரவில்லை. கேட்டில் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். தூத்துக்குடிக்காரர். அந்த ஹெலிகாப்டரைச் சோதனைக்கு ஓட்டும் பைலட்.

“நீங்க செய்யிற கேபிளைப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன் அண்ணாச்சி. கண்ணுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரைப் பாக்காம போக முடியுமா?” என்றார்.

எத்திராஜ் அவருக்கும் தேநீர் வாங்கினார். எனக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தது. “அந்தப் படம் எதுக்கு சார்? முன்னால கண்ணாடி இருக்கில்ல, வெளியில பாத்து ஓட்ட மாட்டீங்களா?” என்றேன்.

“ஓட்டலாம். காஞ்ச வயக்காட்டுல எறங்கிப் பாருங்க. காத்தாடி கெளப்புற புழுதியில எம்மூக்கு எனக்கே தெரியாது. அப்ப எனக்கு அந்தத் திரைதான் கண்ணு.”

“அது நடுவுல நின்னுட்டா?”

“ஒண்ணு ரெண்டு செகண்டு நிக்கும், திரும்ப வந்துரும். என்ன, அதுக்குள்ள தரையும் வந்துரும்லா” என்று சிரித்தார்.

எப்போது பறக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். “இந்த மாசம் அனுப்புன கேபிள மாட்டியாச்சு. அடுத்த வியாழன். புழுதியிலதான் எறக்கணும்” என்றார்.

அடுத்த வியாழன் என்றால் 26. ஆடிட் 27.

எத்திராஜ் என்னைப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளி, “நீயே எழுதுண்ணா” என்றார். பெயர் கேட்டு நானே எழுதினேன். ஜெபராஜ். வந்த நேரம் 10.20.

ஜூன் 19, வியாழன்

மழை. கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நியாயமாக யோசித்தால், பார்க்காத கேபிள் எல்லாம் கெட்ட கேபிள் இல்லை. நான் போட்ட பாலிஷாக இருந்தால் நூற்றுக்கு ஒன்றுதான் தப்பும். அதில் கூட எப்போதாவது பாலிஷ் தூள் ஒட்டியிருக்கும். நவம்பர் கேபிளில் இருந்ததும் என் தூளாக இருக்கலாம். அதைப் பிடிக்கத்தான் ஏழாம் கட்டம்.

இப்போது பாலிஷ் போடுபவர் புதியவர். சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் பக்கம் நடந்தபோது சத்தம் கேட்டது. அழுத்துகிறார்.

வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. தைக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்க வேண்டும். எல்லோரும் தாசில்தாருக்கு எழுதினார்கள். நான் ‘மதிப்பிற்குரிய ஜெபராஜ்’ என்று எழுதிவிட்டு அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. “யாரு தாத்தா இது?” என்றார் டீச்சர். தெரிந்தவர் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

புருஷோத்தமன் பைக்கைக் கேட்டில் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

“என்ன தாத்தா, பள்ளிக்கூடம் போறீங்களாமே. அடுத்து என்ன, பைலட் பரீட்சையா?”

பின்னால் வந்த ஷிஃப்ட் ஆட்கள் சிரித்தார்கள்.

“அ, ஆ முடிஞ்சுது சார். இப்ப தேதி படிக்கிறேன்” என்றேன்.

“படிங்க, படிங்க. காலண்டர் கிழிக்கவாவது ஆள் வேணும்” என்று போய்விட்டான்.

அவன் போன பிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் முடிவு செய்துவிட்டேன். முற்றம்தான். அறுபது பேர். 27. இதில் மாற்றம் இல்லை. நாலு நாள்தான் இருக்கிறது. ஹெலிகாப்டரை ஓட்டுபவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதா? தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

பொத்தான் தைத்தேன். சோறு இறங்கவில்லை. மருமகள் ரசம் மட்டும் கொடுத்தாள்.

ஜூன் 25, புதன்

காலையில் ரிஜிஸ்டரைத் திறந்தால் 18ஆம் தேதிப் பக்கம். அதில் என் கோணல் எழுத்து ஒன்றே ஒன்று. ஜெபராஜ். மற்ற வரிகளெல்லாம் எத்திராஜுடையவை, நேராக நிற்கின்றன. இந்தப் பெயர் மட்டும் சாய்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு எத்திராஜிடம், “மேடத்த இங்க வரச் சொல்லு” என்றேன்.

“நாளான்னிக்கு முற்றம்னியே.”

“வரச் சொல்லுப்பா.”

ரிஜிஸ்டர் கேட்டை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அதனால் மேடமே குடை பிடித்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்காரவைத்துப் படித்தேன். முதலில் அவன் தாள். பிறகு நவம்பர் 18. பிறகு டிசம்பர் 2. பிறகு மே 26, ஜூன் 4, ஜூன் 9. மெதுவாகத்தான் வருகிறது எனக்கு. மேடம் தாளைப் பிடுங்கிப் படித்துக்கொள்ளவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார். ‘சரிபார்க்க’ தடுக்கவில்லை.

“நாலாம் தேதி அட்டையில ஏழுக்கு என்ன தேதி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“மூணு ஆறு. மீன் கையெழுத்து மேடம்.”

அங்கேயே நின்று போன் செய்தார். இங்கிலீஷில் பேசினார். எனக்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது. ஸ்டாப்.

பிறகு புருஷோத்தமனைக் கூப்பிட்டார்கள். அவன் கேட்டுக்கு வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தான். காது சிவந்தது. பார்க்க நானும் எத்திராஜும் மேடமும்தான் இருந்தோம், ஒரு தண்ணீர் லாரிக்காரரும்.

“நவம்பர்ல உங்க கை வேலைன்னு நம்பித்தான் போட்டேன் தாத்தா. பதினோரு வருஷத்துல உங்க கேபிள் ஒண்ணு திரும்பி வந்திருக்கா? பெட்டி அவசரம். பாக்காமலே போடலாம்னு...”

“அப்ப துண்டு?”

தரையைப் பார்த்தான். “யாரையாவது சொல்ல வேண்டியிருந்துச்சு. நீங்கதான் படிக்க மாட்டீங்கன்னு...”

இதைக் கேட்க ஆறு மாதம் ‘அ’ எழுதினேன். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார். போய்க் கம்பியைத் தூக்கினேன்.

ஜூன் 26, வியாழன்

ஹெலிகாப்டர் பறக்கவில்லை. எங்கள் கேபிள்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆடிட்டைத் தள்ளிவைத்துவிட்டார்களாம், முற்றத்தில் யாரையும் நிறுத்தவில்லை. புருஷோத்தமன் வரவில்லை, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அறுபது பேருக்கும் விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். ஒருவர் என்னைப் பார்த்து, “என்ன துண்டு, கல்யாணமா?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்று அந்த முற்றம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

மத்தியானம் பெட்டி திரும்பி வந்தது. மேடம் என்னை மைக்ராஸ்கோப் அறைக்குக் கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் முதல் முறை. முனை திரையில் பெரிதாகத் தெரிந்தது, நிலா மாதிரி. இருபத்துநாலில் இருபத்திரண்டு நல்ல நிலா. ஒன்றில் குறுக்கே கீறல். இன்னொன்றில் நடு மையத்தில் ஒரு கரும்புள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தக் கேபிள் எங்கே மாட்டியிருந்தது என்று கேட்டேன். “கேமராவுல” என்றார் மேடம்.

பிறகு அவர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார்.

“உங்க வாக்குமூலம். நீங்களே எழுதுங்க. எப்ப கண்டுபிடிச்சீங்கங்கற தேதி கட்டாயம் வேணும். ஆடிட்ல முதல்ல அதத்தான் கேப்பாங்க.”

கேட்டில் உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் எழுதிவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டிருந்தேன். எத்திராஜ் எட்டிப் பார்த்தார்.

“இருபத்தஞ்சுன்னு போடுண்ணா. அன்னிக்குதான மேடத்தாண்ட சொன்ன. யாருக்குத் தெரியும்?”

“உனக்குத் தெரியும்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டிலிருந்து இருபத்தைந்து வரை எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று நாள். பதினெட்டாம் தேதி பைலட் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அப்போதும் எனக்குத் தெரியும். ஒரு பொய்த் தேதிக்காகத்தான் ஒருவனை வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன்.

12 என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மாதையன். எல்லா எழுத்தும் கோட்டின் மேல் நின்றது.

ஜூன் 28, சனி

மேடம் போன் செய்தார். என் தாளைப் படித்துவிட்டாராம். புதன்கிழமை விசாரணை. புருஷோத்தமனுக்கும் எனக்கும் ஒரே அறையில், ஒரே மேசையில். அவனுக்குப் பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கு. எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த பதின்மூன்று நாளுக்கு. “உங்களையும் வேலைய விட்டு அனுப்பிடலாம். தயாரா இருங்க” என்றார். கோபமாகத்தான் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என் பழைய தாளை எல்லோர் முன்னாலும் படித்து ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதையும் அங்கேயே கேளுங்கள் என்றார்.

கேட்பேன். பைலட்டிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது விசாரணையில் கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கும் போல் தெரிகிறது.

அவனையும் அங்கே வைத்து ஒரு வாக்குமூலம் எழுதச் சொல்வார்களாம். நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். அவன் எழுதுவதை எழுத்துக்கு எழுத்து படிப்பேன். அவன் வேகமாக எழுதினால் மெதுவாக எழுதச் சொல்வேன். வேலை இருந்தாலும் போனாலும் சரி, அவன் அந்தத் தாளில் என்ன எழுதினான் என்று அடுத்த வாரம் இந்த நோட்டில் இருக்கும். மையும் பக்கமும் மீதி இருக்கிறது.